கறுப்புக்குள் இருக்கும் தங்கம்

ஜப்பானியக் குத்துவாளைப் பார்க்கிறவர்களின் கண் நேரே கத்தியின் கூர்மைக்குத்தான் போகும். கைப்பிடி முடியும் இடத்தில் இருக்கும் வளையத்தில் தொடங்குங்கள் என்பேன் நான். ஃபுச்சி என்று பெயர். ஒரு விரல் அகலம்கூட இல்லாத கறுப்பு உலோகப் பட்டை. எட்ட நின்றால் வெறும் கறுப்பு. கண்ணருகே கொண்டுபோனால், கசகசாவை வரிசை பிடித்துப் பதித்ததுபோல் பரப்பு முழுக்க நுண்மணிகள். எதுவும் பதித்ததல்ல. நுனி குழிந்த உளியை வைத்து ஒரு தட்டு, ஒரு மணி எழும்பும். அதன் தோளை ஒட்டி அடுத்த தட்டு. வளைவில் திரும்பும்போதும் வரிசை கோணக்கூடாது. ஒரு தட்டு பிசகினாலும் பக்கத்து மணிகள் காட்டிக்கொடுத்துவிடும். நனாகோ எனப்படும் இந்த வேலையை நல்ல கை செய்திருந்தால், வெளிச்சம் அதன்மேல் பட்டுத் தெறிக்காது, பட்டுத் துணியில் விழுந்ததுபோல் அமர்ந்துகொள்ளும்.

அந்தக் கறுப்பும் பூச்சு அல்ல. ஷாகுடோ என்னும் கலவை. செம்போடு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தங்கம் சேர்த்து உருக்கியது. செதுக்கி முடிக்கும்வரை அது செம்பு நிறத்தில்தான் இருக்கும். பிறகு துருவிய முள்ளங்கிச் சாற்றைத் தடவி, செம்புக் களிம்பு கரைத்த நீரில் கொதிக்க விடுவார்கள். நீலமும் ஊதாவும் கலந்த கறுப்பு மெல்ல ஏறும். அந்த நிறத்தைத் தருவது உள்ளே கரைந்திருக்கும் தங்கம். தங்கத்தைப் போட்டுக் கறுப்பை வாங்கும் இந்தத் துணிவு எனக்குத் தீராத வியப்பு. அந்தக் கறுப்பின்மேல் ஒரு செவ்வந்திப் பூவோ சிங்கமோ பொன்னில் புடைத்து நிற்கும்போதுதான் பொன்னுக்கும் முழு மதிப்பு வருகிறது. ஜப்பானை ஆண்ட ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவுக்குப் பணிபுரிந்த கோட்டோ யூஜோவிடம் (1440–1512) தொடங்கிய குடும்பம், தலைமுறை தலைமுறையாக இந்தச் சேர்க்கையைத்தான் மெருகேற்றியது.

கைப்பிடியின் இரு பக்கமும் இருக்கும் மெனுகி என்ற சிறு உருவங்களைக் கழற்றித் திருப்பிப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். மெல்லிய தகட்டைப் பின்னாலிருந்து தட்டித் தட்டி எழுப்பிய குழிவு அங்கே அப்படியே தெரியும். விவரம் தெரிந்தவர்கள் கைவேலையின் தரத்தை முன்பக்கத்தைவிட அந்தக் குழிவில்தான் படிப்பார்கள். அவற்றுக்கு அடியில் திருக்கை மீன் தோல். அதன் பெரிய மணிகள் எந்த இடத்தில் வந்து அமர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போர்த்தியிருப்பார்கள். ஐகுச்சி வகைக் குத்துவாளில் கைக்காப்புத் தகடு கிடையாது. அதனால் பிடியின் வளையமும் உறையின் வாயும் நேருக்கு நேர் சந்திக்கும். அந்த இடத்தில் நகம்கூடத் தடுக்கக்கூடாது.

உறைக்கு ஹோனோகி மரம். இரும்பைக் கீறாத மென்மை அதற்கு. இரண்டு பாதிகளாகக் குடைந்து சோற்றுப் பசையால் ஒட்டுவார்கள். வலுவான பசை கைவசம் இல்லாததால் அல்ல. உள்ளே துரு கண்டால் மரம் சிதையாமல் பிளந்து சுத்தம் செய்ய வேண்டும் என்ற முன்யோசனை. மேலே உருஷி மரப்பால். ஈரக் காற்றில்தான் அது இறுகும். ஒவ்வொரு பூச்சையும் கரியால் தேய்த்து, கடைசியில் மான்கொம்புப் பொடியால் மெருகிடுவார்கள்.

இப்போது உருவுங்கள். ஓர் அடிக்குள் அடங்கும் கத்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கியோட்டோவில் வாழ்ந்த அவதாகுச்சி யோஷிமிட்சு போன்ற கொல்லர்கள் பேர் வாங்கியது நீண்ட வாளால் அல்ல, இந்தச் சிறு கத்தியால்தான். விளக்கை நோக்கிச் சற்றே சாய்த்தால் விளிம்பை ஒட்டி ஒரு வெண்புகைக் கோடு ஓடும். முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெலிதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்ததால் வந்த கோடு அது. விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கிறது. கோட்டை உற்றுப் பார்த்தால் தனித்தனிப் பொடிகளாக மின்னும். அதற்கு மேலே, மடித்து மடித்து அடித்த இரும்பின் ரேகை. இதையெல்லாம் வெளியே கொண்டுவருகிறவர் மெருகுக்காரர். காகிதம்போல் மெலிந்த கல் சில்லைப் பெருவிரல் நுனியால் நகர்த்தி நகர்த்தி நாள்கணக்கில் தேய்ப்பார்.

இத்தனை கைகளின் பிழைப்பையும் உலுக்கும்படி, 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை போட்டது. கோட்டோ மரபின் கடைசிப் பெருங்கலைஞர் இச்சிஜோ மறைந்ததும் அதே ஆண்டில்தான். வாள் அணிக் கலைஞர் கானோ நட்சுவோ ஏற்கெனவே புது நாணயங்களுக்கு அச்சு வடிவம் செதுக்கப் போயிருந்தார். யென் நாணயத்து டிராகனின் செதிள்களில் வாள் அணி செய்த கையைக் காணலாம்.

மறுபடி கத்திக்கு வருவோம். மூங்கில் ஆணி ஒன்றைத் தட்டி எடுத்தால் பிடி முழுதும் கழன்றுவிடும். அடியில் வெறும் இரும்பு. கொல்லர் பெயர் வெட்டியிருப்பது பெரும்பாலும் இங்கேதான். கத்தியின் மற்ற இடமெல்லாம் கண்ணாடியாக மின்ன, இந்தப் பகுதியின் துருவை மட்டும் யாரும் துடைப்பதில்லை. அந்தத் துருவின் நிறத்தை வைத்தும் வயதைக் கணிக்கிறார்கள். பளபளப்பாக்குகிறேன் என்று அதைத் தேய்த்தவர் கத்தியின் வரலாற்றையே தேய்த்தவர் ஆவார்.