முதுமையில் இருவர்: ஓர் ஆவணப் படம் பற்றிய ஆய்வு

பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆணை விரும்பும் ஆணும் முதுமையில் துணையின்றித் தனித்து வாடியே தீருவர் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது உண்மைதானா? ஒரு பொதுவிதியை ஏற்குமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது அறிவியலின் வழக்கம். அத்தகைய சோதனைக்கு உதவும் அமெரிக்க ஆவணப் படம் ஒன்று உண்டு. சூசன் மஸ்கா, கிரேட்டா ஓலாப்ஸ்டாட்டிர் ஆகிய இருவர் இயக்கி, 2009-இல் வெளிவந்த ‘எடியும் தேயாவும்: மிக நீண்ட ஒரு நிச்சயதார்த்தம்’ என்பதே அது.

எடித் வின்ட்சர் 1929-இல் பிறந்தவர். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பணியில் உயர்ந்தவர். தேயா ஸ்பையர் உளவியல் வல்லுநர். 1963-இல் நியூயார்க்கில் சந்தித்த இவ்விருவரும் 1967-இல் மணம் செய்துகொள்வதென உறுதி செய்தனர். அன்று உலகில் எந்த நாட்டின் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. விரலில் மோதிரம் இருந்தால், “மாப்பிள்ளை யார்?” என்று அலுவலகத்தில் கேட்பார்கள் அல்லவா? எனவே தேயா மோதிரம் தரவில்லை. உடையில் குத்திக்கொள்ளும் வட்டமான வைரப் புரூச் ஒன்றைத் தந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007 மே மாதத்தில், கனடாவின் டொரான்டோ நகரில் அவர்கள் திருமணம் நடந்தது. அப்பொழுது எடிக்கு வயது 77, தேயாவுக்கு 75.

இடையில் 1977-இல் தேயாவுக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்னும் நரம்பு நோய் கண்டறியப்பட்டது. கைத்தடியில் தொடங்கி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி, மோட்டாரால் இயங்கும் நாற்காலி எனப் படிப்படியாக அவருடைய இயக்கம் குறைந்தது. நோயின் காரணத்தைப் படம் விரித்துரைக்கவில்லை. அதை நாம் சேர்த்துக்கொள்வோம். நம் நரம்பிழைகள் பலவற்றின் மேல் மையலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. உறையுள்ள பெரிய இழைகளில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வேகம் வரை செல்லும். உறையற்ற மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவே செல்லும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்பு அமைப்பு இந்த உறையையே தாக்கி அழிப்பதுதான் இந்நோய். உறை சிதைந்த இடத்தில் செய்தி தாமதமாகும். சில வேளை நின்றும் போகும். மூளை கட்டளையிட்டும் கால் அசையாததன் காரணம் இதுவே.

படத்தின் சிறப்பு எது? தளர்ந்த உடலை அது மறைக்கவில்லை. இரக்கத்துக்குரிய காட்சிப் பொருளாகவும் ஆக்கவில்லை. இளமையில் இருவரும் நடனப் பிரியர்கள். தேயா நிற்க இயலாமற்போன பின், எடி அவர் மடியில் அமர்ந்துகொள்ள, நாற்காலியே சுழன்று நடனமாடியது. பணிவிடையும் அன்பும் வெவ்வேறல்ல என்பதை இந்த ஒரு செய்தியே உணர்த்திவிடுகிறது.

குறையும் உண்டு. மாணவ நண்பர்களே, “எல்லாரும் இப்படியே” என்னும் கூற்றை முறியடிக்க ஒரே ஓர் எதிர்ச்சான்று போதும் என்று கணிதத்தில் படித்திருப்பீர்கள். அவ்வகையில் இப்படம் தன் பணியைச் செய்து முடிக்கிறது. ஆனால் அதே ஒரு சான்றைக்கொண்டு, “எல்லாரும் இன்பமாகவே மூப்படைகின்றனர்” என்று நிறுவ முடியாது. இவர்களுக்குக் கல்வி இருந்தது. நல்ல ஊதியம் இருந்தது. சொந்த வீடு இருந்தது. வாழ்நாள் முழுதும் தம்மை மறைத்து, துணையும் தேடாமல், உறவினரையும் இழந்து, கையில் பொருளின்றி மூப்படைபவரின் நிலை என்ன? ஒரு காட்சியிலேனும் இக்கேள்வியை எழுப்பியிருந்தால் படத்தின் வலிமை கூடியிருக்கும்.

மற்றொன்று, படம் முடிந்த இடத்தில் கதை முடியவில்லை. 2009 பிப்ரவரியில் தேயா இறந்தார். தம் சொத்தை எடிக்கே விட்டுச் சென்றார். கணவனோ மனைவியோ பெறும் சொத்துக்கு அமெரிக்கக் கூட்டரசு மரபுரிமை வரி விதிப்பதில்லை. ஆனால் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ளதே என 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுத்திருந்தது. ஆகவே நாற்பதாண்டுத் துணைவி சட்டத்தின் கண்ணில் அயலார் ஆனார். அவர் மீது விழுந்த வரி 3,63,053 டாலர். எடி வழக்குத் தொடுத்தார். 2013 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், அந்த வரையறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. எடிக்கு அப்போது வயது 84. 2017-இல் அவர் காலமானார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேயாவின் கால்களைக் கட்டிப்போட்டது நோய். அதற்கு யாரும் பொறுப்பல்லர். எடியை அயலார் ஆக்கியதோ மனிதர் எழுதிய சட்டம். முதுமையின் துன்பங்களில் எவை இயற்கையால் வருபவை, எவை நம்மால் வருபவை என்று பிரித்தறிவது இன்றியமையாதது. முன்னதற்கு மருத்துவ ஆராய்ச்சி வேண்டும். பின்னதை மனம் வைத்தால் நாமே மாற்றலாம். “தனித்து வாடுவர்” என்னும் கூற்று இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, குற்றத்தை அவர்களுடைய அன்பின் மேலேயே சுமத்திவிடுகிறது.

வாய்ப்புக் கிடைக்கும்போது இப்படத்தைப் பாருங்கள். அதன்பின் அந்தத் தீர்ப்பைப் பற்றியும் படியுங்கள். இரண்டையும் சேர்த்து அறிந்தால்தான் எடியின் முதுமை முழுமையாக விளங்கும்.