துலாக்கோலும் கொடைக்கையும்

தமிழ் இலக்கியத்தில் வணிகர் பெற்ற இடம் சிறியதன்று. சங்கப் பாட்டு முதல் இற்றை நாவல் வரை அவர் வருகின்றனர். போற்றவும் படுகின்றனர், கண்டிக்கவும் படுகின்றனர். ஆயினும், நம் மேடைகளில் வணிக அறம் பேசப்படும்போது பெரும்பாலும் கொடை ஒன்றே முன்னிற்கின்றது. பள்ளி கட்டியவர், மருத்துவமனை எழுப்பியவர், திருப்பணிக்கு நிதி தந்தவர் ஆகியோர் மாலை சூட்டப்பெறுகின்றனர். அம்மாலைக்கு அவர் உரியவரே. ஆனால், தொழில் நடத்துவோரின் சமுதாயப் பொறுப்பு கொடையில் தொடங்கிக் கொடையிலேயே முடிவதுதானா? இவ்வினாவிற்கு நம் இலக்கியம் யாது விடை பகர்கின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டினப்பாலை காட்டும் வணிகர்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளால் ஆகியது. கடல்வழி வந்த குதிரைகள், வண்டியில் வந்த மிளகு மூட்டைகள், வடமலையின் பொன்னும் மணியும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு என உலகின் வளமெல்லாம் குவிந்த காவிரிப்பூம்பட்டினத்தை அது நம் கண்முன் நிறுத்துகின்றது. அந்நகரின் வணிகரை அறிமுகப்படுத்தும் புலவர், அவர்தம் நெஞ்சிற்கு ஓர் உழவுப் பொருளை உவமையாக்குகின்றார். நுகத்தடியின் நடுவே நிற்கும் ஆணி எப்பக்கமும் சாயாததுபோல் அவர் நெஞ்சமும் நடுவில் நிற்குமாம். பழிக்கு அஞ்சுவர், மெய்யே மொழிவர், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக எண்ணுவர், கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இப்பாட்டு ஈகையை அறியாத பாட்டன்று. சோறு வடித்த கஞ்சி ஆறுபோல் பெருகும் அட்டிற்சாலைகளை அது பாடுகின்றது. எனினும், வணிகரைப் புகழவேண்டிய இடத்தில் புலவர் அச்சாலைகளை நாடவில்லை. அளவையும் விலையையும் வாய்மையையுமே நாடினார். வணிகரின் பெருமை அவர் எதை வழங்கினார் என்பதில் அன்று, எவ்வாறு ஈட்டினார் என்பதில் இருக்கின்றது என்பது அவர் கருத்து எனல் பொருந்தும். இப்பகுதிக்குச் சற்று முன்னர், வலைஞர் வீட்டு முற்றத்திலும் மீன்கள் அச்சமின்றித் துள்ளும் காட்சி வருகின்றது. செல்வம் பெருகிய துறைமுகத்தில் நீர்வாழ் உயிரும் நலமாய் இருந்தது என்று பாடிய புலவரின் பார்வை அகன்ற பார்வை அன்றோ?

குறளின் வைப்புமுறை

திருவள்ளுவர் பொருள் ஈட்டுதலைப் பொருட்பாலில் 76-ஆம் அதிகாரத்தில் பேசுகின்றார். ஆனால், வணிகர்க்கென அவர் கூறிய 120-ஆம் குறள் அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் அமைந்துள்ளது. பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதே நல்வாணிகம் என்னும் அக்கருத்து, பட்டினப்பாலையின் கருத்தோடு அப்படியே ஒத்துச் செல்கின்றது. துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கும் குறளும் இவ்வதிகாரத்திலேயே உள்ளது.

இன்று வழங்கும் அதிகார வரிசையையும் நோக்குக. நடுவுநிலைமை 12-ஆம் அதிகாரம், பிறர் பொருளை விரும்பாமையைக் கூறும் வெஃகாமை 18, தீவினையச்சம் 21, அதன் பின்னரே ஒப்புரவறிதல் 22, ஈகை 23. தீங்கு செய்ய அஞ்சுதல் முன்னும், உதவி செய்தல் பின்னுமாக இவை நிற்கின்றன. இவ்வரிசை ஆசிரியர் வகுத்ததாயினும், உரையாளர் வகுத்ததாயினும், அதனுள் ஒரு நியாயம் உண்டு. நடுவுநிலை தவறி ஈட்டிய பொருளைக்கொண்டு ஈகை செய்வோர், படிகளைத் தாண்டி மாடியில் நிற்க விழைகின்றனர்.

வ.உ.சி. காட்டிய வழி

இவ்வரிசையைத் தம் வாழ்க்கையில் நடத்திக் காட்டியவர் வ. உ. சிதம்பரனார். 1906-ஆம் ஆண்டு அவர் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். எதிர்த்து நின்ற ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது; பின்னர்ப் பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் பரிசளித்தது என்பர். கொடையின் தோற்றத்தில் வந்த அழிவு அது. மறுபுறம், தாமே ஒரு நிறுவனத்தை நிறுவியவரான சிதம்பரனார், 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது அவர் பக்கம் நின்றார். சிறை அவரை ஏற்றது; 1911-இல் கப்பல் நிறுவனமும் கலைந்தது. அவரே பின்னாளில் அறத்துப்பாலுக்கு உரையெழுதி 1935-இல் வெளியிட்டார் என்பது தற்செயல் அன்று.

நாவல் ஏந்தும் மறுதட்டு

இக்கால நாவலாசிரியர்கள் துலாக்கோலின் மறுதட்டிலிருந்து நோக்குகின்றனர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘தோல்’ ஆகியன இவ்வகையின. முதலாளி எத்தனைக் கொடை தந்தார் என்பது இவற்றின் வினாவன்று. உப்பும் சுண்ணாம்பும் அரித்த உடலுக்குரிய கூலி நிறுக்கப்பட்டதா என்பதே வினா. தாராவியின் தோல் தொழிலைத் தம் உழைப்பால் வளர்த்த தமிழர் வழிவந்தோர்க்கு இவ்வினா அயலதன்று. ஒரு குறையும் சொல்லவேண்டும். நடுவுநிலை பிறழாது தொழில் நடத்த முயன்று இடருறும் ஒரு வணிகரின் அகப்போராட்டத்தை நம் நாவல் அரிதாகவே தீட்டியுள்ளது. பட்டினப்பாலை கண்ட அந்நெஞ்சம் இன்னும் தன் நாவலாசிரியரை எதிர்நோக்கி நிற்கின்றது.

செம்பூரின் காற்று

நம் நாட்டுச் சட்டம் கொடையை முறைப்படுத்தியுள்ளது. 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூவாண்டுச் சராசரி நிகர ஆதாயத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிடப் பணிக்கின்றது. நல்லதே. ஆனால், வேறு சட்டப்படி ஆற்றியே தீரவேண்டிய கடமையை இக்கணக்கில் சேர்த்தல் ஆகாது என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் தெளிவுறுத்துகின்றன. கடமை வேறு, கொடை வேறு என்பதைச் சட்டமும் ஒப்புகின்றது.

இவ்வேறுபாடு செம்பூரில் வாழ்வோர்க்கு ஏட்டுச் செய்தியன்று. திராம்பேயில் 1954-இலும் 1955-இலும் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. உர ஆலையும் வந்தது. அவற்றால் நாடு பயன் பெற்றது; தமிழர் பலர் வேலையும் வீடும் பெற்றனர். அவற்றின் அருகே கோளி மீனவர் வாழும் மாகுல் இருக்கின்றது. அப்பகுதியின் காற்று மாசு குறித்து, 2020 ஆகஸ்டுத் திங்களில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பொதுத்துறை நிறுவனங்கள் இரண்டு உட்பட நான்கு நிறுவனங்கள்மீது மொத்தம் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மூச்சுக்காற்றும் ‘பிறர் பொருள்’ அன்றோ? அதைத் தம் பொருள்போல் பேணியிருப்பின் இத்தீர்ப்புக்கு இடமேது?

கொடை வேண்டா என்பது நம் வாதமன்று. கொடையின்றித் தமிழ்ச் சங்கம் இல்லை. வணிகர் தரும் விளம்பரமின்றி இத்தகைய மலர்களும் இல்லை. பட்டினப்பாலையையும் குறளையும் வணிகர் கழுத்தில் மாலையாக இடுவதோடு நில்லாது, அவற்றை அளவுகோலாகவும் கையில் எடுத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கொள்வது மிகையா, கொடுப்பது குறையா என்று முதலில் கேட்போம். கொடையைப் பின்னர்ப் பாராட்டுவோம். அப்போது அப்பாராட்டு மெய்யாகும்.