ராகி முளைத்த குடில்

டிசம்பர் 13ஆம் தேதி, சேலம் பக்கத்து ஜலகண்டாபுரத்தில் என் மாமா வீட்டில் ராகி விதைக்கும் நாள். வயல் என்று எதுவும் கிடையாது. நான்கு எவர்சில்வர் தாம்பாளங்களும் மூடி தொலைந்த ஒரு பிஸ்கட் டப்பாவும்தான் நிலம். முதல் நாள் இரவு ஊறவைத்த ராகியை அத்தை துணியில் வடித்து, சலித்த செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து பரப்பிய படுகையில், மண் தெரியாத நெருக்கத்தில் தூவுவார். மேலே ஈரச் சாக்கு. மூன்று நாள் இருட்டு. நான்காம் நாள் சாக்கை விலக்கினால் வெளிர்மஞ்சளாய் ஊசி ஊசியாக நிற்கும். அன்று முதல் ஜன்னல் வெயில். 24ஆம் தேதி மாலைக்குள் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பச்சை எழுந்துவிடும். அதுதான் அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலின் புல்வெளி.

வேளாங்கண்ணியிலும் தூத்துக்குடியிலும் சேலத்திலும் எத்தனையோ குடில்களின் முன் நின்றிருக்கிறேன். மோட்டார் வைத்து அருவி ஓடவிட்ட குடில், ஆளுயரச் சுரூபங்கள் வைத்த குடில், தெர்மாகோலில் பெத்லகேம் ஊரையே எழுப்பிய குடில். எல்லாவற்றையும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனாலும் டிசம்பர் வந்தால் என் மனம் போவது அந்த ஐந்து தட்டுப் பச்சைக்குத்தான். கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல் விரிப்பை ஒரு நிமிடத்தில் விரித்துவிடலாம். இந்தப் புல்லை அவசரப்படுத்த முடியாது. தண்ணீர் ஒரு கை கூடினால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் நுனி கருகும். அதனால் பன்னிரண்டு நாளும் வீட்டில் யாராவது ஒருவர் காலையில் எழுந்ததும் முதலில் தாம்பாளத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். என் சின்ன வயதில் அந்தப் பொறுப்பு எனக்கு. "சாமி, தண்ணி தெளிச்சியா? ஊத்தீராத, தெளிக்கோணும்" என்று அடுப்படியிலிருந்தே அம்மாயி, என் அம்மாவின் அம்மா, குரல் கொடுப்பார்.

ஏன் ராகி? அம்மாயி நெல்லும் போட்டுப் பார்த்தவர், கடுகும் வெந்தயமும் போட்டுப் பார்த்தவர். நெல் முரட்டுப் பயிர். கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஆட்டுக்குட்டிகள் அதில் மூழ்கிவிடும். கடுகு ஒல்லியாக ஓடிச் சாய்ந்துவிடும். வெந்தயத்தின் வட்ட இலை புதர் மாதிரி தெரியும், கிணற்றோரம் வைக்க மட்டும் ஆகும். ராகியின் தாள்தான் மெல்லிசு. இடையன் பொம்மை அதன் நடுவே நின்றால் நிஜமான மேய்ச்சல் நிலத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். பொம்மையின் அளவுக்குப் பயிரைத் தேர்ந்த அந்தக் கண்ணைத்தான் நான் கலைக்கண் என்பேன். அம்மாயி பள்ளிக்கூடம் போனதில்லை.

கிறிஸ்துமஸுக்கு இப்படி விதைப்பது எங்கள் வீட்டில் மட்டும் அல்ல. பிரான்சின் தென்கோடியில், புரோவான்ஸ் பகுதியில், டிசம்பர் 4ஆம் தேதி புனித பார்பராளின் நாளன்று சின்னக் கிண்ணங்களில் கோதுமை விதைக்கிறார்கள். ஹங்கேரியிலும் குரோவேஷியாவிலும் அதே கோதுமையை டிசம்பர் 13, புனித லூசியாளின் நாளில் விதைக்கிறார்கள். இதை நான் படித்துவிட்டு வந்து சொன்னபோது அத்தைக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் வீட்டில் 13ஆம் தேதி வந்தது எந்தப் புனிதரையும் நினைத்து அல்ல. அந்த உயரத்துக்கு ராகி வளர எத்தனை நாள் வேண்டும் என்று பின்னோக்கி எண்ணிய கணக்கு அது. விதையை இருட்டில் முளைக்கவிட்டுத் திருவிழாவுக்கு எடுத்து வரும் பழக்கத்தை எங்கள் பக்கத்துக்கு வெளியூர்க்காரர் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அம்மன் கோயில் முளைப்பாரி பார்த்து வளர்ந்த கைகள்தானே.

இந்தக் கைப்பழக்கம் வீட்டுக்குள் அப்படியே தங்கியதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. தத்துவ போதகர் என்று தமிழில் பேர் வாங்கிய ராபர்ட் தெ நோபிலி, 1623இல் மதுரையை விட்டுக் கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தார். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, இந்த மண்ணின் துறவியாகவே வாழ்ந்தவர். குடுமியும் பூணூலும் சந்தனமும் கிறிஸ்தவத்துக்குப் பகையா என்ற பெரிய வழக்கில், அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புச் சொன்னதும் அதே 1623இல்தான். அந்த வழக்கு எழுந்தது உயர்சாதியாரின் அடையாளங்களைப் பற்றி. நெசவுக்கார வீட்டின் கோலமும் முளைப்பாரியும் எந்தத் தீர்ப்புக்கும் காத்திராமல் தாமாகவே உள்ளே வந்துவிட்டன. சேலம் மறைமாவட்டம் உருவானது 1930இல். அதன் பேராலயம் குழந்தை இயேசுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் பக்கத்துக்கு அது பொருத்தமான பெயர் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஜலகண்டாபுரம் தறி ஊர். தெருவில் நடந்தால் நாடா ஓடும் சத்தம் கூடவே வரும். மாமா வீட்டு முன்கூடத்தில் இன்னும் ஒரு குழித்தறி இருக்கிறது. டிசம்பர் 24 மதியம் அந்தத் தறி நிற்கும். நின்ற கையோடு அதற்கு எதிரே ஒரு பெஞ்சு வந்து சேரும். பெஞ்சின் மேல்தான் குடில். சிமெண்டுச் சாக்கின் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, மைதாப் பசை தடவி, கரியும் காவியும் பூசினால் மலை. சோளத்தட்டு, தொழுவத்தின் கூரை. தொழுவத்தின் தூண்களும் வேலியும் உடைந்துபோன பழைய தார்க்குச்சிகள். எத்தனையோ சேலைகளின் ஊடை நூலைச் சுமந்து, கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன குச்சிகள் அவை. எந்த வார்னிஷிலும் அந்த மினுக்கம் வராது.

குடிலை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பதற்கு மாமா வீட்டில் ஒரு முறை இருக்கிறது. அதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நின்று பார்த்தால் சோளத்தட்டுக் கூரை மறைத்துவிடும். மலையும் புல்லும் மேய்ப்பர்களும் தெரிவார்கள், தீவனத் தொட்டி தெரியாது. தறிக்குழியில் கால் விட்டு, நெசவு செய்ய உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் பார்வை நேராகத் தொட்டிக்குள் போகும். பக்கத்து ஊரான தாரமங்கலத்தில், கைலாசநாதர் கோயில் மண்டபத்துத் தூண்களில் வாலிவதம் இருக்கிறது. ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் தூணிலிருந்து ராமன் தெரியமாட்டான். அந்தச் சிற்பியின் கணக்கும் மாமாவின் கணக்கும் ஒரே வகை. பார்க்கிறவனின் இடத்தைக் கலைஞன் முன்பே நிச்சயித்துவிடுகிறான். வருகிறவர்கள் எல்லோரையும் மாமா, "இங்க வந்து உக்காருங்க" என்று தறிக்குழியைக் காட்டிக் கூப்பிடுவார். ஒவ்வொருவராக இறங்கி உட்கார்வார்கள். உட்கார்ந்ததும் பேச்சு தானாக நின்றுபோகும்.

பொம்மைகள் ஒரே செட் கிடையாது. சூசையப்பர் வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் வாங்கியவர். மாதா மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியின் களிமண். கொலுவுக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் பொம்மை செய்யும் அதே கைகள் அங்கே டிசம்பருக்குக் குடில் பொம்மைகளும் செய்கின்றன. ஆடுகள் மூன்று ஊர், மூன்று அளவு. பெரியதை முன்னாலும் சின்னதை மலைமேலும் வைத்துவிட்டால் தூரம் வந்துவிடுகிறது. அளவு பொருந்தாத பொம்மைகள் இப்படித்தான் அழகாகின்றன. காளைக்கு ஒரு கொம்பு இல்லை. ஒரு கிறிஸ்துமஸில் என் கை பட்டு விழுந்தது. புதுக் காளை வாங்க அம்மாயி சம்மதிக்கவே இல்லை. கொம்பில்லாத பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தார். இன்றைக்கும் அது அப்படித்தான் நிற்கிறது, ஒவ்வொரு ஆண்டும் அதே கோணத்தில்.

நற்செய்தியின் பிறப்புக் கதையில் காளையும் கழுதையும் கிடையாது. தீவனத் தொட்டி மட்டும் உண்டு. பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ மலையூரில் வைக்கோல் பரப்பி நிஜக் காளையையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார் அல்லவா, அங்கிருந்துதான் குடில் வைக்கும் ஆசை ஊர் ஊராகப் பரவியது. அதன் பிறகு ஒவ்வோர் ஊரும் தன் தெருவைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் நகரத்துக் குடில்களில் மீன்காரர், ரொட்டிக்காரர், பழக்கடை என்று சந்தையே கூடியிருக்கும். எங்கள் குடிலில் ஒரு செட்டியார் இருக்கிறார். அரிசி பருப்புக் குவியல்களை முன்னால் வைத்துக்கொண்டு தொப்பையோடு உட்கார்ந்திருக்கும் கொலுச் செட்டியார்தான். எதிர்வீட்டு அக்கா நவராத்திரி முடிந்து எல்லாப் பொம்மைகளையும் பெட்டியில் கட்டும்போது இவரை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிடுவார். டிசம்பரில் இங்கே வருவார். ஜனவரியில் ஒரு தட்டு அதிரசத்தோடு திரும்பிப் போவார். பெத்லகேமில் பிறந்த பிள்ளையைப் பார்க்க முதலில் வந்த வியாபாரி எங்கள் தெருக்காரர் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பனிக்குப் பஞ்சு வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தறி ஊரில் பஞ்சுக்கும் நூல்கழிவுக்கும் பஞ்சமில்லை என்பதால் பல வீடுகளில் கூரை முழுக்க அப்பிவிடுகிறார்கள். மேட்டூர்ப் பக்கத்து மார்கழிப் பனி விடிகாலையில் துண்டை நனைக்கும் பனி. அது வெள்ளையாகக் குவியாது. அம்மாயி வீட்டில் 24ஆம் தேதி இரவு ராகிப் புல்லின் மேல் கையை உதறித் தண்ணீர் தெளிப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி நிற்கும். எங்கள் ஊர்ப் பனியை அதைவிட உண்மையாகக் காட்ட முடியாது.

இனி நட்சத்திரம். ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொராவிய சபையார் நடத்திய பள்ளியில், 1830களில் கணிதப் பாடத்துக்காகக் காகிதத்தில் பல முனை நட்சத்திரம் செய்தார்கள். அது பிற்பாடு பல நாடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரமானது. நம் ஊரில் மூங்கில் பட்டையும் கலர் தாளும் வெகுகாலம் ஆண்டன. இப்போது மடக்கி வைக்கும் அட்டை ஸ்டார் கடைகடையாகத் தொங்குகிறது. மாமா வீட்டு நட்சத்திரம் ஜக்கார்டு அட்டையில் செய்தது. சேலைக் கரையில் பூ போட, தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் கோர்வையாகச் சுழலுமே, அவை. ஓர் அட்டை ஓர் ஊடைக்கு. எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்று அந்தத் துளைகள்தான் சொல்லும். ஒரு டிசைன் விலைபோகாமல் நின்றுவிட்டால் அதன் அட்டைகள் கட்டுக் கட்டாகப் பரணுக்குப் போகும். மாமா அவற்றை இறக்கி, முக்கோணங்களாக வெட்டி, ஜரிகை நூலால் தைத்து, ஐந்து முனைக்கும் உள்பக்கம் சிவப்புத் தாள் ஒட்டி, நடுவில் ஒரு ஜீரோ வாட் பல்பு வைத்தார். விளக்கைப் போட்டதும் நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள் அட்டையில் எழுந்தன. முற்றத்தில் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அது மாங்காய்க் கரை டிசைன். உங்க அம்மா கல்யாணத்துக்கு நெய்தது" என்றார் மாமா. புள்ளிகளில் மாங்காய் எதுவும் தெரியவில்லை. வெட்டித் தைத்ததில் வரிசை கலைந்துவிட்டது. ஆனாலும் அம்மாவின் கூறைச் சேலைக்குள் ஓடியிருந்த கணக்கு வாசலில் எரிந்துகொண்டிருந்தது.

வாசலில் கோலமும் உண்டு. மார்கழி பிறந்து ஒன்பதோ பத்தோ நாளில் கிறிஸ்துமஸ் வந்துவிடுகிறது. தெரு முழுக்கக் கோலம் போட்டி போடும் காலம். எதிர்வீட்டுக் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப்பூ. அத்தையின் கோலத்தின் நடுவே ஓர் அகல். இரண்டு கோலமும் ஒரே புள்ளிக் கணக்கு. அத்தையும் அக்காவும் முந்தின நாளே நோட்டில் போட்டுப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் நடுவில் தீவனத் தொட்டி காலியாகவே இருக்கும். பாலன் சுரூபம் வெண்பட்டுத் துண்டில் சுற்றி பீரோவில் இருப்பார். நடுநிசித் திருப்பலி முடிந்து, கோயிலில் வரிசையில் நின்று பாலன் பாதத்தை முத்தி செய்துவிட்டு, பனியில் நனைந்த தலையோடு வீட்டுக்கு வந்த பிறகு, வீட்டின் கடைக்குட்டி எதுவோ அது பட்டைப் பிரித்துப் பாலனைத் தொட்டியில் வைக்க வேண்டும். போன டிசம்பரில் அந்த முறை மாமாவின் பேத்திக்கு வந்தது. தூக்கத்தில் கண் சொருகியிருந்தாள். தறிக்குழியில் உட்காரவைத்து அவள் கையில் கொடுத்தார்கள். வைத்துவிட்டு, குனிந்து, ராகிப் புல்லை விரலால் ஒதுக்கி, பாலனின் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று ராஜாக்கள் அன்றைக்குக் குடிலில் இருக்கமாட்டார்கள். முன்கூடத்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து கிளம்பி, நாளுக்கு ஒரு முழமாக ஜன்னல், தையல் மெஷின், தறிமரம் என்று நகர்ந்து ஜனவரி 6ஆம் தேதி வந்து சேர்வார்கள். அதற்குள் ராகி ஒரு சாண் வளர்ந்து தலை சாய்ந்திருக்கும். மறுநாள் குடில் பிரியும். பொம்மைகள் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள், செட்டியார் எதிர்வீட்டுக்கு, தார்க்குச்சிகள் பரணுக்கு.

கடைசியில் அந்தத் தாம்பாளங்கள். அத்தை ஓரத்தில் கத்தியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்த்தால், மண்ணோடு பயிர் முழுசாக வட்டமாகக் கழன்று வரும். அடியில் மண் தெரியாது. வெள்ளை வேர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, தட்டின் அளவுக்கு ஒரு துணி நெய்து வைத்திருக்கும். ஆட்டுக்குப் போடுவதற்கு முன் மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பார். தறியிலிருந்து இறக்கிய சேலையின் பின்பக்கத்தைப் பார்ப்பதுபோலவே, கட்டைவிரலால் மெல்ல நீவிக்கொண்டு, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் பார்ப்பார்.