கதவு திறந்தால் போதுமா?

"இனிமேல் கல்லூரி எதற்கு? உலகத்துப் பெரிய பேராசிரியர்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே பாடம் சொல்லுகிறார்களே!" என்று படித்தவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். நானும் அப்படி நம்பியவன்தான். நம்பி, ஒரு பாடத்தில் பெயரும் பதிந்துகொண்டேன். மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டேன். நான் நின்றுபோனதை யாருமே கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

என்னைப் போன்றவர்கள் ஏராளம். 2012-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஸ்தாபனத்தார் மின்சுற்றுகளைப் பற்றி இலவசப் பாடம் ஒன்று நடத்தினார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் அனந்த் அகர்வால். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பெயர் கொடுத்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேறிச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கேலி செய்வது நியாயமாகாது. நூல்நிலையத்தில் ஒரு புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவனைத் தோற்றவன் என்று சொல்லுகிறோமா? தவிரவும், 7,157 பேர் என்பது எந்த வகுப்பறையும் கொள்ளாத கூட்டம். மங்கோலியாவில் உலான்பாதர் நகரத்துப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கினான், பிறகு எம்.ஐ.டி.யிலேயே மாணவனாகச் சேர்ந்தான்.

அவன் கதையைச் சொல்லுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அவனுடைய பள்ளித் தலைமையாசிரியர் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பியவர். பிள்ளைகளை அந்தப் பாடத்தில் சேரத் தூண்டியவர் அவர்தான். செய்முறைக்கு வேண்டிய கருவிகளோடு அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளுக்குத் துணையாக இருந்தார்.

துணையில்லாதவர்கள் கதி என்ன? 2013-ல் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம், உடாசிட்டி என்ற கம்பெனியோடு சேர்ந்து, ஆரம்பக் கணிதம் முதலிய பாடங்களை இதே பாணியில், குறைந்த கட்டணத்துக்கு நடத்திப் பார்த்தது. ஏற்கெனவே கணிதத்தில் தவறியவர்களும், பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களைவிட இவர்கள் குறைவாகவே தேறினார்கள். அந்த வருஷம் ஜூலையிலேயே முயற்சியை நிறுத்திவைத்தார்கள். யாருக்குக் கைகொடுக்க வேண்டுமோ அவர்களுக்கே அது கைகொடுக்கவில்லை.

பாடத்தை லட்சம் பேருக்குக் கொடுத்துவிடலாம். செலவு அதிகம் ஏறாது. "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கிற ஆசிரியரை அப்படிப் பெருக்க முடியாது. இலவசப் பாடங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் கையில் அவை பெரிய வரம். ஆசிரியருக்குப் பதிலாக அவற்றை வைத்துச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பையன் எப்படியும் கரையேறிவிடுவான். அந்த மிச்சத்துக்கு விலை கொடுக்கப்போகிறவன், கேட்பதற்கு ஒருவருமில்லாத வீட்டுப் பையன்.