பாதிக் குறுக்குவெட்டில் முழு பாய்லர்: கால்குலிக்ஸ், பிரீபோமேக்ஸ் ஒரு பரிசோதனை

கடலூர் சிப்காட் பக்கம் போனால் கண்ணில் படுவதெல்லாம் வட்டமான சாமான்கள்தான்: ரியாக்டர், சேமிப்புத் தொட்டி, புகைபோக்கி. லேத்தில் கடைந்ததுபோல் ஓர் அச்சைச் சுற்றி ஒரே வடிவமாக இருக்கும் இவற்றை முப்பரிமாணத்தில் மாடல் செய்யத் தேவையில்லை. பாதிக் குறுக்குவெட்டை வரைந்தால் போதும். ஆக்ஸிசிமெட்ரிக் முறை என்று ஃபைனைட் எலிமென்ட் வகுப்பில் படிப்பது இதைத்தான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மாணவர், லைசென்ஸுக்குப் பணம் கட்டாமல் விடுதி அறையில் இருக்கும் லேப்டாப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

நான் எடுத்துக்கொண்டது கால்குலிக்ஸ். மியூனிக்கில் விமான எஞ்சின் செய்யும் எம்டியூ நிறுவனத்தின் பொறியாளர்கள் கீடோ டோன்ட்டும் கிளவுஸ் விட்டிக்கும் உருவாக்கிய சால்வர். அதற்கு முகப்பாக பிரீபோமேக்ஸ். ஸ்லோவேனியாவின் மாரிபோர் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது. ஜிப் கோப்பைப் பிரித்தால் போதும், சால்வரும் கூடவே இருக்கிறது. ஆனால் விண்டோஸுக்கு மட்டும்தான். குறுக்குவெட்டை ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளில் வரைந்து கொண்டுவருவது வசதி. ஒய் அச்சுதான் சுழற்சி அச்சு. படம் முழுவதும் அதன் வலப்புறம் இருக்க வேண்டும்.

முதலில் விடை தெரிந்த கணக்கு. உள் ஆரம் 100 மி.மீ., வெளி ஆரம் 200 மி.மீ. உள்ள தடித்த குழாய். உள்ளே 10 மெகாபாஸ்கல் அழுத்தம். லாமேயின் சூத்திரப்படி ஹூப் ஸ்ட்ரெஸ் (வட்டத்தைச் சுற்றிய திசையில் உள்ள தகைவு) உள்சுவரில் 16.67, வெளிச்சுவரில் 6.67 மெகாபாஸ்கல். எட்டுக் கணு எலிமென்ட்டில் சுமாரான மெஷ் போட்டாலே இந்த எண்கள் வந்துவிடுகின்றன. மூன்று கணு முக்கோணத்தைத் தொடாதீர்கள். அதில் மெஷ்ஷை மிகவும் நுணுக்கினால்தான் இந்த விடையை நெருங்க முடியும். இன்னொன்று: முடிவுகளில் ஹூப் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. எஸ்33 என்று இருப்பதுதான் அது.

காரணம் உள்ளே நடக்கும் வேலை. நாம் கொடுக்கும் தட்டையான படத்தை கால்குலிக்ஸ் அச்சைச் சுற்றி 2 டிகிரிக்கு விரித்து, மெல்லிய முப்பரிமாண ஆப்பாக்கித்தான் கணக்குப் போடுகிறது; அதில் வட்டத் திசைதான் மூன்றாவது திசை. ஆனாலும் புள்ளிவிசை கொடுக்கும்போது முழு வட்டத்துக்கான விசையையே கொடுக்க வேண்டும். பிரான்சின் மின் நிறுவனம் இடிஎஃப் வெளியிடும் கோட் ஆஸ்டரில் ஒரு ரேடியனுக்கு எவ்வளவோ அதை, அதாவது மொத்தத்தை 2π-ஆல் வகுத்து, கொடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் இதை மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்து டிஷ் எண்ட், அதாவது உருளையான ஷெல்லின் முனையை மூடும் குவிந்த மூடி. ஷெல் விட்டம் 1,000 மி.மீ., தகடு 10 மி.மீ., மூடியின் நடுப்பகுதியான கிரவுனின் ஆரம் 1,000, அதை ஷெல்லோடு இணைக்கும் வளைவான நக்கிளின் ஆரம் 100, அழுத்தம் 1 மெகாபாஸ்கல். கைக்கணக்கில் ஷெல்லின் ஹூப் ஸ்ட்ரெஸ் சுமார் 50 மெகாபாஸ்கல். கிரவுனிலும் அதே 50. இரண்டுக்கும் நடுவில், நக்கிள் வளைவில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளிருந்து அழுத்தம் தள்ளுகிறது, ஆனால் அங்கே ஹூப் ஸ்ட்ரெஸ் மைனஸில் போகிறது! கிரவுன் வெளியே எழும்பும்போது நக்கிள் உள்பக்கம் இழுபடுவதால், அந்த வளையம் சுருங்குகிறது. பெரிய விட்டத்தில் மெல்லிய தகடு போட்டால் உள் அழுத்தத்திலேயே நக்கிள் மடிப்பு விழுவது இதனால்தான். சூத்திரத்தில் மறைந்திருக்கும் இந்தச் சங்கதியைத் திரையில் நீல வளையமாகப் பார்த்த மாணவர் மறக்கவே மாட்டார். இதற்காகவே இந்த மென்பொருளை நான் பரிந்துரைப்பேன். சுருங்குவதை இந்த மாடல் காட்டும், மடிப்பைக் காட்டாது. மடிப்பு வட்டத்தைச் சுற்றி அலையலையாக வருவது, சமச்சீருக்குள் அது அடங்காது.

எல்லை அங்கேதான். பக்கவாட்டில் ஒரு நாசில், கீழே நான்கு கால்கள் என்றால் அந்த இடங்களில் சமச்சீர் போய்விடும். காற்றும் அப்படியே. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் ஒரு பக்கத்திலிருந்துதான் அடித்தது. ஒரே திசையிலிருந்து வரும் சுமையை கால்குலிக்ஸின் ஆக்ஸிசிமெட்ரிக் எலிமென்ட் ஏற்காது. முழு முப்பரிமாண மாடல்தான் வழி.

வெப்பமோ நிலத்தடி நீரோ என்றால், பின்லாந்தின் சிஎஸ்சி வெளியிடும் எல்மரில் ஒரு வரி மாற்றினால் ஆக்ஸிசிமெட்ரிக் ஆகிவிடும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றழுத்தத்தைக் குறைக்க இறைக்கும் கிணறுகளில் ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்க்க அது பொருத்தம்.

பட்டறைக்காரர்கள் தகட்டுத் தடிமனை ஐஎஸ் 2825 போன்ற கோட்படி முதலில் போட்டுவிட்டு, நக்கிளையும் பற்றவைப்பு ஓரத்தையும் மட்டும் இதில் சரிபார்க்கட்டும். மாணவர்கள் லாமே குழாயிலிருந்து தொடங்கட்டும்.