பேய்ப் பசியும் பாட்டி கதையும்

ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்டவன் முதற் குலோத்துங்கன். அவனுடைய கலிங்க வெற்றியைப் பாடும் ஜெயங்கொண்டாரின் பரணியில் மன்னனுக்கு நிகராக இடம்பெறுபவை பேய்கள். பசி தாங்காமல் அவை காளியிடம் முறையிடுகின்றன. இமயம் சென்று வித்தை கற்ற முதுபேய் இந்திரசாலம் காட்டுகிறது. போர் முடிந்தபின் களத்திலேயே கூழ் வேகிறது. பேயும் மாயமும் பசியும் பாட்டி கதைகளின் சரக்கே. இப்படிப்பட்ட கதைகளுக்கு உட்பொருள் உண்டு என்பதில் ஐயமில்லை. எந்தப் பொருளை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு அளவுகோல் வேண்டும். கதை தரும் சான்றே அந்த அளவுகோல்.

உருசிய அறிஞர் விளாதிமிர் புராப், 1928இல், மாயக்கதைகளின் நிகழ்ச்சிகளை 31 செயல்களாகப் பகுத்தார். ஒரு குறை தோன்றுவதும் அது தீர்வதும் அவற்றுள் அடங்கும். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம், 1976இல், குழந்தையின் உள்ளச்சங்களுக்குத் தேவதைக் கதைகள் உருவம் தருகின்றன என்றார். முன்னது கதையின் எலும்புக்கூட்டைக் காட்டும். பின்னது கேட்பவர் மனத்தைக் காட்டும். இரண்டும் பயனுள்ளவை, ஆனால் சான்றை மறந்தால் வழுக்கும். ‘சிவப்புக் குல்லாய்ச் சிறுமி’ கதையில் வரும் குல்லாயைப் பூப்பின் குறியீடு என்றார் உளவியலாளர் எரிக் ஃபிராம். பிரெஞ்சு உழவர்கள் சொல்லிவந்த கதையில் அந்தக் குல்லாயே இல்லை என்று 1984இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் எடுத்துக்காட்டினார். அதைச் சேர்த்தது 1697இல் வெளிவந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் நூல். உழவர் கதைகளில் டார்ன்டன் கண்டது மெய்யான பட்டினியை.

பரணியையும் இதே உரைகல்லில் உரசலாம். புராப் சொன்ன குறையும் தீர்வும் இங்கே பசியும் கூழும். ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் அடங்காதது பேய்களின் பந்தி. ஊமைப் பேய் கையசைத்துக் கேட்கிறது. சமணப் பேய்க்கு மயிர் விழாமல் வடித்து ஊற்றுகிறார்கள். பசி எல்லார்க்கும் பொது, உண்ணும் முறை அவரவர்க்கு வேறு என்று அறிந்த சமூகம் இதில் தெரிகிறது. அந்தக் கூழ் கலிங்க வீரர்களின் உடலில் சமைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது; வெற்றியின் விலையைப் புலவர் நம் கண்முன் வைத்துவிடுகிறார்.

அரசவைப் பரணியைப் பாட்டி கதையோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நடையும் நோக்கமும் வேறுதான். சான்று கேட்கும் நெறி ஒன்றே. சொல்லுக்குச் சொல் மாறும் வாய்மொழிக் கதைக்கு அந்த நெறி இன்னும் கூடுதலாக வேண்டும். குழந்தை கதையைக் கதையாகவே கேட்கட்டுமே என்பது அடுத்த மறுப்பு. கேட்கட்டும். ஆனால் பேயையும் மாற்றாந்தாயையும் நீக்கிவிட்டுச் சொல்லும் பெரியவர், சொல்லத் தொடங்கும் முன்பே பொருள்கொண்டுவிட்டார். அவர் கொண்ட பொருளுக்கும் சான்று வேண்டும். கதை பசி என்றால் முதலில் பசி என்றே கேட்போம். அதற்கு அப்பால் உள்ள பொருளை அந்தப் பசியே காட்டும்.