அப்பீல் இல்லையென்றால் அவுட் இல்லை: கிரிக்கெட் அறிமுகங்கள் தாண்டிப் போகும் விதி 31

கிரிக்கெட் தெரியாதவர்களுக்காக எழுதப்படும் அறிமுகக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தேடிப் பிடித்துப் படித்து வருகிறேன். தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. பிட்ச் நீளம் 22 கஜம், அணிக்கு 11 பேர், ஓவருக்கு 6 பந்து, உருண்டு எல்லையைத் தொட்டால் 4, நேராகத் தாண்டி விழுந்தால் 6. அப்புறம் "அவுட் ஆகும் வழிகள்" என்று ஒரு பட்டியல்.

தகவல்களில் தப்பில்லை. ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு மேட்ச் பார்க்க உட்காரும் ஒருத்தருக்கு, முதல் சர்ச்சை வந்ததுமே ஒன்றும் விளங்காது. "பட்டியல்ல இருக்கே, அப்ப அவுட்தானே? ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்தக் கட்டுரைகளில் கிடையாது.

பதில் இருக்கும் இடம் விதிப் புத்தகம். கிரிக்கெட் விதிகளை எழுதிப் பராமரிப்பது லண்டனில் உள்ள எம்.சி.சி. என்ற மேரில்போன் கிரிக்கெட் கிளப். இப்போதைய தொகுப்பில் மொத்தம் 42 விதிகள். அதில் 32 முதல் 40 வரை ஒவ்வொன்றும் ஒரு வகை அவுட்: போல்ட், கேட்ச், எல்.பி.டபிள்யூ., ரன் அவுட், ஸ்டம்பிங் என்று போகும். அறிமுகங்கள் எடுத்துப் போடுவது இந்த ஒன்பதைத்தான். இவற்றுக்கு வாசற்படி மாதிரி முன்னால் நிற்கும் விதி 31ஐ மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

விதி 31இன் தலைப்பு: அப்பீல். சாரம் இதுதான்: பேட்ஸ்மேன் விதிப்படி அவுட்டாகவே இருந்தாலும், ஃபீல்டிங் அணியில் யாராவது கேட்டால் ஒழிய அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பந்து காலில் பட்டிருக்கிறது, நடு ஸ்டம்புக்கே போயிருக்கும், அம்பயருக்குத் துளி சந்தேகமில்லை. ஆனாலும் ஒருத்தரும் கேட்கவில்லை என்றால் அவர் விரல் உயராது. ஸ்டம்ப் எகிறிப் போனால் யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லையே என்பீர்கள். அங்கே பேட்ஸ்மேன் தானே நடையைக் கட்டிவிடுகிறார், அதற்கும் அந்த விதியிலேயே இடம் இருக்கிறது. கேட்பதற்குக் கெடுவும் உண்டு. பௌலர் அடுத்த பந்துக்கு ஓட ஆரம்பித்துவிட்டால் முந்தைய பந்தின் கணக்கு முடிந்தது. எந்த வகை அவுட் என்று சொல்லிக் கேட்கவும் வேண்டாம், "ஹவ்ஸ் தட்" என்ற ஒரே கேள்வி எல்லா வகைக்கும் போதும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். அவுட் இல்லாத ஒருத்தர் அவுட் என்று தப்பாக நினைத்துக் கிளம்பினால், அம்பயர் தலையிட்டுத் தடுத்தாக வேண்டும். அதாவது கேட்காமல் அவுட் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அநியாயமாகப் போகிறவரைத் திருப்பிக் கூப்பிடும் கடமை மட்டும் உண்டு. அடுத்தது, கேட்ட அணியின் கேப்டன் அம்பயர் சம்மதத்தோடு அப்பீலைத் திரும்பப் பெறலாம்.

இந்த ஒரு விதி தெரிந்தால் பெரிய சர்ச்சைகள் பலவும் புரிய ஆரம்பிக்கும். 1980இல் மும்பை ஜூபிலி டெஸ்டில் பாப் டெய்லர் கேட்ச் அவுட் என்று அம்பயர் சொல்லிவிட்டார். இந்தியக் கேப்டன் விஸ்வநாத் அவரைத் திருப்பி அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் சேர்த்தார்கள், இந்தியா தோற்றது. 2011இல் நாட்டிங்ஹாமில், பந்து எல்லைக்குப் போய்விட்டது என்று நினைத்துத் தேநீருக்கு நடந்த இயான் பெல் ரன் அவுட். தோனி அப்பீலைத் திரும்பப் பெற்றார். 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் ஏஞ்சலோ மேத்யூஸ் ஹெல்மெட் வார் அறுந்து தாமதமானபோது ஷகிப் அல் ஹசன் அப்பீல் செய்தார். மேத்யூஸ் கேட்டுப் பார்த்தும் அவர் பின்வாங்கவில்லை. சர்வதேச ஆட்டத்தில் முதல் "டைம்டு அவுட்" அது. இந்த மூன்றிலும் ஆட்டம் திரும்பியது, அப்பீலை வைத்திருப்பதா விடுவதா என்ற முடிவில்.

இனி என் குறை. அது விதிப் புத்தகத்தின் மீதும்தான். 2000ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து "கிரிக்கெட்டின் உணர்வு" பற்றி ஒரு முன்னுரை இருக்கிறது. மரியாதை, நேர்மை, கேப்டனின் பொறுப்பு என்று நல்ல வார்த்தைகள். ஆனால் எந்த அவுட்டைக் கேட்காமல் விடவேண்டும் என்று அதில் சொல்லவில்லை. அதனால் அந்த முன்னுரை, பிடிக்காத அவுட் வரும்போதெல்லாம் கேட்டவர் மீது வீசும் கல்லாகிவிட்டது.

தீப்தி சர்மாவை நினைத்துப் பாருங்கள். 2022 செப்டம்பர் 24, லார்ட்ஸ். பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த சார்லி டீனை ரன் அவுட் செய்தார், அப்பீல் செய்தார், இந்தியா 16 ரன்னில் வென்றது. விதி மீறவில்லை. ஆனாலும் குற்றவாளி மாதிரி விசாரிக்கப்பட்டவர் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், "நியாயமற்ற ஆட்டம்" என்ற விதி 41இல் இருந்த இந்த அவுட்டை, சாதாரண ரன் அவுட்டான விதி 38க்கு மாற்ற எம்.சி.சி. ஏற்கனவே முடிவு செய்திருந்தது; ஒரே வாரத்தில் அது அமலுக்கும் வந்தது. 1947இல் சிட்னியில் வினு மன்கட் இதே மாதிரி பில் பிரவுனை அவுட் செய்தபோது, எதிரணிக் கேப்டன் பிராட்மேனே மன்கட் பக்கம் பேசினார். ஆனாலும் அந்த அவுட்டுக்கு வசவு மாதிரி ஒட்டிக்கொண்டது மன்கட் பெயர்தான்.

கேட்காமல் விடுவதில் அழகே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2006இல் கிறைஸ்ட்சர்ச்சில் சங்கக்காராவின் சதத்தைக் கொண்டாடக் கிரீஸை விட்டுப் போன முரளிதரனை பிரெண்டன் மெக்கல்லம் ரன் அவுட் செய்தார். பத்து வருடம் கழித்து, 2016இல், மேடையில் அவரே அதற்கு வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஏனென்றால் அது அவராகச் சொன்னது. விஸ்வநாத்தும் தோனியும் செய்தது பெருந்தன்மை. அதையே மற்றவர்களிடம் கடன் மாதிரி வசூலிக்கக் கிளம்பினால் அது வெறும் மிரட்டல்.

ஆகவே அறிமுகம் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: 22 கஜமும் 11 பேரும் இருக்கட்டும். அவுட் பட்டியலுக்கு முன்னால் மட்டும் ஒரே ஒரு பத்தி சேருங்கள். கேட்டால்தான் அவுட், கேட்பது ஃபீல்டிங் அணியின் உரிமை, விட்டுக்கொடுப்பது அவர்கள் விருப்பம். அதைப் படித்துவிட்டு வரும் புதியவர், அடுத்த சர்ச்சையில் ஒரு பெண்ணையோ பையனையோ திட்டித் தீர்க்கும் கூட்டத்தில் சட்டென்று சேர்ந்துவிட மாட்டார். "கேட்டது தப்பா, விதி தப்பா?" என்று முதலில் கேட்பார்.